கலையும் சந்தையும்: வீடியோ விளையாட்டு வரலாற்றில் ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டு பிறப்பிலேயே ஒரு விற்பனைப் பண்டமாகும். 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்க மதுச்சாலைகளில் நிறுத்தப்பட்ட நாணயப் பொறிகளின் வழியாகவே அது பொதுமக்களை வந்தடைந்தது. ஆதலின், தூய கலையொன்றைச் சந்தை பின்னர் வந்து கெடுத்தது என்னும் வழமையான முறைப்பாடு இதற்குப் பொருந்தாது. கலைநோக்குடைய விளையாட்டுக்கள் வணிகரீதியில் வெற்றிபெறுமா என்று வினவுவோர், அவ்வெற்றி யாருடையது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.

விற்பனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விடை முன்னரே கிடைத்துவிட்டது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் அமெரிக்கச் சகோதரர் 1993 இல் வெளியிட்ட 'மிஸ்ற்' என்பதிற் போரும் இல்லை, சாவும் இல்லை. ஆளரவமற்ற ஒரு தீவும் சில புதிர்களுமே உண்டு. எனினும் அது 60 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாயிற்று. இறுவட்டுக் கருவி கணினிகளிற் பரவத் தொடங்கிய காலம் அது. புதிய கருவியை வாங்கியோர் அதன் ஆற்றலைக் கண்ணாற் காண விரும்பினர் என்பதையும் இங்கு மறத்தலாகாது.

இதற்கு மறுதலையாக அமைந்தது யப்பானிய விளையாட்டான 'ஒகாமி'. கப்கொம் நிறுவனத்துக்கு முற்றாகச் சொந்தமான 'குளோவர்' என்னும் கலைக்கூடம், ஹிதெகி காமியாவின் நெறியாள்கையில் இதனை உருவாக்கியது. சூரிய தேவதையான அமதெராசு வெண்ணிற ஓநாயாக வந்து வரண்ட நிலத்துக்கு உயிரூட்டுகின்றாள். திரை முழுவதும் யப்பானிய மைத்தூரிகை ஓவியம் போலத் தீட்டப்பட்டிருக்கும். விளையாடுபவரே தூரிகையை ஏந்துகின்றார். வானிலே ஒரு வட்டம் வரைந்தால் ஞாயிறு தோன்றும். ஓவியம் இங்கு அலங்காரமன்று, செயல். 2006 ஏப்ரலில் வெளிவந்த இதனை விமர்சகர்கள் கொண்டாடினர், வாங்கியோரோ சிலர். அவ்வாண்டு நவம்பரிலேயே சொனியின் அடுத்த தலைமுறைப் பொறி வெளிவர இருந்தமையால், பழைய பொறிக்குரிய விளையாட்டொன்று கடைத்தட்டில் நெடுங்காலம் நிற்க இயலாதிருந்தது. ஆறு மாதங்கள் நிறையுமுன்னரே கலைக்கூடத்தை மூடும் முடிவைக் கப்கொம் அறிவித்தது. 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதுபெற்றவற்றுள் வணிகத்தில் மிகக் குறைந்த வெற்றியடைந்தது என்று கின்னஸ் நூலின் விளையாட்டுப் பதிப்பும் பின்னர் இதனைப் பதிந்தது. விந்தையான புகழ்தான்!

ஆயின் அதே விளையாட்டு 2008, 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு பொறிகளுக்காக மீள வெளியிடப்பட்டுப் புதிய தலைமுறையினரையும் சென்றடைந்தது. உரிமை கப்கொம்மிடமே இருந்தது. ஆக்கியோர் கலைந்து போயிருந்தனர். தொடர்ச்சியொன்று காமியாவின் நெறியாள்கையிலேயே உருவாகவிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது இடையிற் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இரசனையற்ற மக்கள் நல்ல படைப்பைப் புறக்கணித்தனர் எனக் குறைகூறுதல் எளிது. அவர்கள் அதனைக் கண்டடையக் கடை அவகாசம் தரவில்லை என்பதே பொருத்தமாகும்.

கடைத்தட்டின் நெருக்கடி இணையவழி விற்பனையால் ஓரளவு தளர்ந்தது. எனினும் வேறொரு நெருக்கடி எஞ்சியது. ஜெனோவா சென் முதலியோரின் அமெரிக்கக் கலைக்கூடம் 2012 இல் வெளியிட்ட 'ஜேர்னி' இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும் ஒரு பாலைவனப் பயணம். வழியில் எதிர்ப்படும் அந்நியருடன் பேச முடியாது; இசையொலி ஒன்றால் அழைக்கலாம், அவ்வளவே. சொனியின் இணையக் கடையில் அதுவரை காணாத வேகத்தில் அது விற்பனையாயிற்று. அதன் இசை கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஓராண்டில் முடியவேண்டிய வேலை மூன்றாண்டுகள் நீண்டமையாற் படைப்பு நிறைவுறுமுன்னரே கலைக்கூடத்தின் கைப்பணம் தீர்ந்துபோயிற்று என்பதைச் சென் 2013 இல் வெளிப்படுத்தினார். விற்பனைப் பட்டியலில் முதலிடம், கணக்கேட்டில் வெறுமை!

இவ்வனுபவத்தின் பின்னர் அவர்கள் முதலீட்டாளரிடம் பணம் பெற்று, 2019 இல் 'ஸ்கை' என்னும் விளையாட்டைக் கைத்தொலைபேசிகளுக்கென வெளியிட்டனர். அதனை இலவசமாக விளையாடலாம். வருவாய், விளையாட்டினுள்ளே விற்கப்படும் மெழுகுவர்த்திகளிலிருந்தும் அணிகலன்களிலிருந்தும் கிடைக்கின்றது. 'ஜேர்னி'யில் ஒருவரையொருவர் அறியாத இருவரும் ஒரே வகையான உடையே அணிந்திருந்தனர்.