புதுச்சேரி ஊரகக் கொம்யூன்களில் கர்ப்பப் பதிவின் வரலாறு

கர்ப்பப் பதிவு என்பது, ஒரு பெண் தான் கருவுற்றதை அறிந்ததும் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தன் பெயரைப் பதிந்துகொள்வதாகும். பேறுகால முன்கவனிப்பின் முதல் படி இது. முதல் 12 வாரங்களுக்குள் பதிய வேண்டும் என்பது இந்திய அரசின் நெறிமுறை. வில்லியனூர், பாகூர் முதலிய புதுச்சேரி ஊரகக் கொம்யூன்களில் இந்நடைமுறை நூறாண்டுக்கும் மேலான மாற்றங்களின் விளைவு. அரசின் பதிவேடு முதலில் பிறந்த குழந்தையை மட்டுமே எழுதியது. கருவுற்ற தாயின் பெயர் அதில் ஏற நெடுங்காலம் ஆயிற்று.

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்புப் பதிவு

1880ஆம் ஆண்டு பிரெஞ்சு இந்தியா கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதியில் அப்போது அமைந்த நான்கு கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். கொம்யூனின் அலுவலகம் 'மேரி' எனப்பட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றும் அங்கே பதியப்பட்டன. ஒரு குடும்பத்தில் பிள்ளை வரப்போகிறது என்பதை அரசு அறிய வழியில்லை. பிள்ளை பிறந்த பிறகே அறிந்தது. தாய் பிரசவத்தில் இறந்தால் அது இறப்பேட்டில் ஒரு வரியாக முடிந்தது.

மருத்துவச்சியும் வளைகாப்பும்

பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களைப் போலவே இங்கும் மருத்துவச்சி எனப்பட்ட பெண்களே பேறு பார்த்தனர். பிள்ளையைக் கையில் ஏந்துவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் இரத்த அழுத்தம், இரத்தசோகை, சிறுநீரில் புரதம் போன்றவற்றை அளக்கும் கருவிகள் அவர்களிடம் இல்லை. 'பேறுகால ஜன்னி' என ஊரார் அஞ்சிய வலிப்பு நோய் வருமுன் இவற்றில்தான் அறிகுறி தெரியும்.

கருவுற்றதை வெளியில் சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற சொல் வீட்டுப் பெண்களுக்குள் மட்டும் பேசப்படும். கண்ணேறு படும் என்ற அச்சத்தால் மூன்று மாதம் முடியும் வரை அயலாருக்குச் சொல்லமாட்டார்கள். ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்பு நடந்து, அதன் பின் பெண் தாய்வீட்டுக்குச் செல்வாள். ஊர் அறியும் நாள் வளைகாப்பு நாளாகவே இருந்தது.

முன்கவனிப்பு என்னும் கருத்து

நோய் இல்லாத கர்ப்பிணியையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பாலன்டைன் என்ற மருத்துவரின் முயற்சியால் 1901இல் கர்ப்பிணிகளுக்கென ஒரு படுக்கையும், 1915இல் புறநோயாளர் பிரிவும் தொடங்கப்பட்டன. 1929இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட பரிசோதனை அட்டவணையில் முதல் வருகை 16ஆம் வாரத்தில் அமைந்தது. அக்காலத்தில் கருவுற்றதை உறுதிசெய்வதே கடினம். ஆஷ்ஹைம், சோன்டெக் ஆகியோர் 1928இல் வெளியிட்ட சோதனையில் பெண்ணின் சிறுநீரை எலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தி, சில நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறப்பதாக மதிப்பிட்டது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. இலட்சுமணசாமி முதலியார் இக்குழுவில் உறுப்பினர். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்புக்கு இந்த அறிக்கையே அடிப்படை.

இணைப்புக்குப் பின் புதுச்சேரி

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த மருத்துவக் கல்லூரி 1964இல் ஜிப்மர் ஆனது. வில்லியனூரை அடுத்த இராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக சுகாதார மையம் இயங்கிவருகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்கு அங்கே முன்கவனிப்பு அளிக்கப்படுகிறது.

நாடு முழுவதும் விரிந்த திட்டங்கள் இங்கும் வந்தன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், அதில் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியரும் என்பது அரசின் அளவுகோல். 1970இல் இரத்தசோகைத் தடுப்புக்கான இரும்புச்சத்து மாத்திரைத் திட்டமும், 1975இல் அங்கன்வாடியும் தொடங்கின. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் மருத்துவமனைப் பிரசவத்துக்கு உதவித்தொகை அளித்தது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி புதுச்சேரியில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன.

மருத்துவமனைப் பிரசவம் வழக்கமான பிறகும் முதல் பதிவின் காலம் தனிச் சிக்கலாக நீடித்தது. பிரசவத்துக்கு மருத்துவமனை போவதும், இரண்டாம் மாதத்திலேயே செவிலியரிடம் சொல்வதும் வேறு வேறு பழக்கங்கள். சில நிமிடங்களில் முடிவு தரும் சிறுநீர்ச் சோதனை அட்டை மருந்துக் கடைக்கு வந்ததும், தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் இலவசமாக வழங்கப்பட்டதும் இந்த இடைவெளியைக் குறைத்தன. வளைகாப்பு வரை காத்திருந்த செய்தி, நாள் தள்ளிய சில நாள்களிலேயே தெரிந்துவிடுகிறது.

முதல் வருகை

முதல் வருகையில் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் கேட்கப்படும். அதனுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டிப் பிரசவத் தேதி கணிக்கப்படும். தாமதமாக வருபவர்களில் பலருக்கு இந்த நாள் நினைவில் இருப்பதில்லை. தேதி தவறினால் குறைமாதமா நிறைமாதமா என்பதே குழப்பமாகும். எடை, உயரம், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரத்தப் பிரிவு, சிறுநீர் ஆகியவை பார்க்கப்படும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி சோதனைகளும் செய்யப்படும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளக்கும் முறையும் உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான இம்முறை பரவச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முக்கியக் காரணம்.

முதல் மூன்று மாதத்துக்கு ஃபோலிக் அமிலமும், அதன் பிறகு இரும்புச்சத்து மாத்திரையும் தரப்படுகின்றன. சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும். ஆகவே ஃபோலிக் அமிலம் எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இரத்தசோகையைச் சரிசெய்யவும் மாதங்கள் பிடிக்கும். எட்டாம் மாதத்தில் கண்டறிந்தால் மாத்திரைக்கு நேரமிருக்காது.

பதிந்தவருக்குத் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை வழங்கப்படும். குறைந்தது நான்கு பரிசோதனைகள் அதில் குறிக்கப்பட வேண்டும். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்குரிய 5,000 ரூபாயின் முதல் தவணையைப் பெறவும் கர்ப்பப் பதிவு தேவை.

எல்லையும் தாய்வீடும்

புதுச்சேரியின் நிலப்பரப்பு தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் சென்றால், அரியூரைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் கண்டமங்கலமும் அதன் பின் மீண்டும் புதுச்சேரியின் திருபுவனையும் வரும். பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. கணவன் ஊரில் பதிந்தவள் வளைகாப்புக்குப் பின் தாய்வீடு செல்லும்போது வேறு அரசின் மருத்துவ அமைப்புக்குள் போகிறாள். தமிழ்நாட்டில் 2008இல் 'பிக்மி' என்ற தனிப் பதிவு முறை வந்தது; குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இன்று அந்த எண் கேட்கப்படுகிறது. அவள் கையோடு கொண்டுபோகும் அட்டைதான் முந்தைய மாதங்களின் இரத்த அழுத்தத்தையும் இரத்த அளவையும் புதிய மருத்துவருக்குச் சொல்கிறது.

இன்றைய நிலை

மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. மேரியின் ஏட்டில் பிறப்புக்குப் பின் தொடங்கிய பதிவு இன்று பிறப்புக்கு ஏழு மாதம் முன்பே தொடங்க முடிகிறது. ஊருக்குச் சொல்ல வளைகாப்பு வரை காத்திருக்கும் வழக்கம் அப்படியே இருக்கலாம். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் மட்டும் நாள் தள்ளிய உடனே சொல்லிவிட வேண்டும் என்பதே முன்கவனிப்பு முறையின் அடிப்படை.