மதிலுக்கு வெளியே 1,400 பேர்

லாஸ்பேட்டை என்ற பேருக்குள்ளே ஒரு பிரெஞ்சு கவர்னர் இருக்கார் என்பார்கள்: ழான் லா தெ லொரிஸ்தோன். 1765-இல் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் வந்தபோது, அங்கே ஊர் இல்லை, இடிபாடுதான் இருந்தது. அந்த இடிபாட்டுக்குப் பின்னால் ஒரு மதிலின் கதை உண்டு.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும். சரக்கையும் ஆட்களையும் படகுகள்தான் அலை தாண்டிக் கரை சேர்க்கும். 1706-இல் ஐங்கோணக் கோட்டை எழுந்த பிறகும் ஊரின் கடல் பக்கம் திறந்தே கிடந்தது. 1743-இல் பாரிஸிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் எழுதினார்கள்: செலவைப் பாதியாகக் குறை, அரண் வேலைகளை நிறுத்து. கவர்னர் துய்ப்ளேக்ஸ் கேட்கவில்லை. தன் கைப்பணத்தையும் போட்டுக் கடலோர மதிலைக் கட்டினார்.

1748-இல் அட்மிரல் பாஸ்கவன் பெரிய படையோடு வந்து முற்றுகையிட்டார். மழையும் நோயும் சேர்ந்துகொள்ள, அக்டோபரில் திரும்பிப் போய்விட்டார். துய்ப்ளேக்ஸின் பிடிவாதம் சரிதான் போல என்று தோன்றும்.

1760-இல் கதை மாறியது. நிலத்தில் கூட்டின் படை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள். முந்தைய வருடமே கிளம்பிப்போன பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பவே இல்லை. மதில் எதிரியைத் தடுக்கும், சரி. அரிசி கொண்டுவருமா?

நவம்பர் 27 அன்று தளபதி லாலி ஒரு முடிவெடுத்தார். சில வீட்டு வேலைக்காரர்கள் தவிர, ஊருக்குள் மிச்சமிருந்த உள்ளூர் ஜனங்களை வெளியேற்றினார். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாரும் சேர்த்து 1,400 பேர். ஆங்கிலேயர் அவர்களை வழிவிடாமல் மறித்தார்கள். திரும்பி வந்தால் கோட்டைக்காரர்களே சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வாரம், புல் வேரைத் தின்று கிடந்தார்கள். பிறகுதான் ஆங்கிலேயர் போகவிட்டார்கள்.

1761 ஜனவரி 1-ஆம் தேதி புயல் ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. மிச்சமிருந்தவை மறுபடி வந்து நின்றன. ஜனவரி 16-இல் ஊர் விழுந்தது. அப்புறம் கோட்டையையும் மதிலையும் ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள்.

கடலோர அரணைக் கட்டும் எந்த அரசும் ‘நம்ம ஜனங்களைக் காப்பாற்றத்தான்’ என்று சொல்லும். அந்த ‘நம்ம’வில் யார் யார் சேர்த்தி என்பது, புதுச்சேரியில் அரிசி தீர்ந்தபோதுதான் தெரிந்தது.