ஐ.பி. கொடுத்தவர்

தொழில் முறிந்த வியாபாரியைக் கடைவீதி பல பெயரிட்டுச் சொல்லும். 'நொடித்துப் போனார்' என்பது நம் சொல். 'திவால்' இந்தி 'திவாலா'வின் தமிழ் வடிவம். 'பாப்பர்' ஆங்கிலேயர் கோர்ட்டில் ஏழையைக் குறித்த சொல்; கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர் வழக்காட இடம் தரும் விதியில் இருந்தது. 1976 திருத்தத்தில் சட்டம் அதைக் கைவிட்டது, வீதி கைவிடவில்லை.

இவற்றில் எல்லாம் கொஞ்சம் இரக்கம் உண்டு. 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்பதில் மட்டும் ஏச்சுதான்.

ஐ.பி. என்பது 'இன்சால்வென்சி பெட்டிஷன்'. 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி போடும் மனு. சிவில் வழக்குக்கு ஓ.எஸ். என்று எண் இடுவதுபோல் இந்த மனுவுக்கு ஐ.பி. என்று இடுவார்கள். எண்ணுக்கு முன் நின்ற எழுத்துகள் வீதிக்கு வந்து 'கொடு' என்ற வினையோடு ஒட்டிக்கொண்டன. பொருள் திரும்பியதும் அங்கேதான். மனு கொடுக்கப்படுவது கோர்ட்டுக்கு. கடன் கொடுத்தவர் காதிலோ தனக்கு நாமம் போட்டதாக விழுகிறது.

சட்டம் அப்படி எளிதில் விடுவதில்லை. நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்ததும் அவர் சொத்து கோர்ட்டின் பொறுப்புக்கோ ரிசீவர் கைக்கோ போகும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நியாயமான விலையின்றி மைத்துனர் பெயருக்கு வீட்டை மாற்றியதையும் ரத்து செய்யலாம். பதிலுக்கு, கோர்ட் அனுமதியின்றிக் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியே வழக்குப் போட முடியாது.

தனியாள் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் மாவட்டங்களில் இன்றும் 1920 சட்டம்தான். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். பதிவான கம்பெனி என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டம். போகவேண்டிய இடம் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அங்கே கம்பெனி தானே மனுச் செய்யவும் 10ஆம் பிரிவு வழிவிடுகிறது.

கெட்டுப்போன பெயருக்குப் பயந்து பலர் கந்துவட்டி வாங்கிப் பழைய கடனை அடைக்கிறார்கள். அதற்குமுன் கணக்குப் புத்தகங்களோடு ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 15100. ஐ.பி. ஒரு மனுவின் பெயர், வசவு அல்ல.