கையெழுத்துக்கு முந்திய காகிதம்

1947 ஆகஸ்ட் 29. அரசியல் சாசனம் எழுத வரைவுக் குழு அமைந்தது. தலைவர் அம்பேத்கர். மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து போனவர் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். பின்னால் காலியான ஓர் இடத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். முப்படைகளின் தலைமை ஜனாதிபதிக்கே என்று எழுதியாயிற்று. அப்படியானால் அவர் நினைத்த மாத்திரத்தில் படை கிளம்பிவிடுமா?

அதற்கு ஒரு கடிவாளம் யோசித்தார்கள். மந்திரிகளின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று ஜனாதிபதிக்கு ஓர் அறிவுறுத்தல் பட்டியல். 1949 அக்டோபரில் டி.டி.கே. எழுந்து, அது தேவையில்லை, மரபே போதும் என்றார். பட்டியல் போயிற்று. இரண்டே வருஷத்தில் மரபைச் சோதிக்க ஒருவர் வந்தார்.

வந்தவர் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்தேதான்! மசோதாக்களில் தன் சொந்த முடிவுப்படி நடக்கலாமா என்று நேருவைக் கேட்டார். மசோதாவில் முடிந்தால் படையிலும் முடியுமே! நேரு, அல்லாடியையும் அட்டர்னி ஜெனரல் செடல்வாடையும் கேட்டார். இருவருமே முடியாது என்றார்கள். ஆனால் அந்தப் பதில் கோப்பில்தான் கிடந்தது, சாசனத்தில் ஏறவில்லை.

1962 அக்டோபர் 20, சீனப் படை பாய்ந்தது. ஆறாம் நாள், நாட்டின் முதல் நெருக்கடி நிலைப் பிரகடனம். முடிவு நேரு சர்க்காருடையது. கையெழுத்து மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் 'கிரிஜா' வீட்டுக்காரரான ஜனாதிபதி ராதாகிருஷ்ணனுடையது. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. பிரகடனமோ 1968 ஜனவரி வரை ஓயவில்லை. ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பிய ராதாகிருஷ்ணன், 1975 ஏப்ரல் 17 அன்று காலமானார். பத்து வாரம்கூட ஆகவில்லை...

ஜூன் 25 இரவு. 1971 போருக்காகப் போட்ட பிரகடனமே இன்னும் அமலில் இருந்தது. அதற்கு மேல் இன்னொன்று கேட்டு, ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமதுக்கு இந்திரா காந்தியின் கடிதம் போயிற்று. மந்திரிசபையைக் கூட்ட அவகாசமில்லை, அலுவல் விதிகளில் 12ஆம் விதி பிரதமருக்கு விலக்கு தருகிறது என்றது கடிதம். நள்ளிரவுக்குள் கையெழுத்து விழுந்தது. மந்திரிசபை கூடியதோ மறுநாள் காலை ஆறு மணிக்கு!

டி.டி.கே. வேண்டாம் என்ற கடிவாளம், அதே நெருக்கடி நிலையின் நடுவில், 1976இல் சாசனத்தில் ஏறியது: மந்திரிசபை சொல்வதை ஜனாதிபதி கேட்டே ஆகவேண்டும். ஆனால் மந்திரிசபை என்றால் ஒரே ஒருவரா?

விடை 1978இல், 44ஆவது திருத்தத்தில் வந்தது. போரோ, அந்நியத் தாக்குதலோ, ஆயுதக் கலகமோ, எதுவானாலும் மந்திரிசபையின் முடிவு ஜனாதிபதி கைக்கு வந்து சேர்ந்த பிறகே பிரகடனம் பிறக்கலாம். அதுவும் 'எழுத்து மூலம்'. 352ஆவது பிரிவில் இன்று யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அந்தச் சொல் பிறந்த கதை இதுதான்.

மரபே போதும் என்றவர் பெயரில் ஒரு சாலை, மரபுப்படி கையெழுத்திட்டவர் பெயரில் இன்னொரு சாலை. இரண்டும் மியூசிக் அகாடமி முனையில் சந்திக்கின்றன. அங்கே மட்டும் மரபை நம்பவில்லை, சிக்னல் வைத்திருக்கிறார்கள்.