வெப்பமானி, பழைய கார்களில்

மினி உள்ளிட்ட 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மின்வகை எஞ்சின் வெப்பமானி டிகிரி காட்டுவதில்லை. சி (குளிர்), என் (இயல்பு), எச் (சூடு) என்ற எழுத்துகளோடு நின்றுவிடும். சூடேறி வளையும் ஈருலோகத் தகடே முள்ளை நகர்த்துகிறது. அதற்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசரின் எர்த் இணைப்பு கெட்டால், அதே ஸ்டெபிலைசரில் இயங்கும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறிப் பொய் சொல்லும். புதிய மானி வாங்குமுன் அந்த எர்த்தைச் சோதிப்பது மலிவு.

துல்லியம் வேண்டுவோர் நுண்குழாய் வகையைப் பொருத்துவர். சிலிண்டர் ஹெட்டில் திருகிய குமிழிலுள்ள ஈதரின் ஆவியழுத்தம் மெல்லிய குழாய் வழியே முள்ளை இயக்கும், மின்சாரம் தேவையில்லை. குழாய் நீளமென்று வெட்டினால் ஈதர் வெளியேறிவிடும். மிச்சத்தைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். குமிழ் ஓடும் நீரில் மூழ்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மானியும் குறைத்தே காட்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில் முள் 90ஐத் தொடுவது கோளாறல்ல.