சொல்லின் அழுத்தம் இடம் பெயர்ந்த வரலாறு

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடத்திற்கு அப்பால், அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற ஊர் மண்ணச்சநல்லூர். அப்பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ம, ண, ச, ந என்னும் குறில்கள் ஒவ்வொரு மாத்திரை பெறுகின்றன. 'லூ' என்னும் நெடில் இரண்டு மாத்திரை பெறுகிறது. முதலசை சற்று முனைப்பாக ஒலித்தாலும், எந்த அசையும் மற்றோர் அசையை விழுங்குவதில்லை. தமிழ்ச் சொல்லை அளக்கும் கோல் மாத்திரையே. 'படம்' வேறு, 'பாடம்' வேறு அல்லவா?

ஆங்கிலத்தில் அழுத்தமே தலைமை பெறுகிறது. 'ரெக்கார்டு' என்பதன் முன்னசையை ஊன்றிச் சொன்னால் அது பெயர்ச்சொல். பின்னசையை ஊன்றினால் வினைச்சொல். ஊன்றாத அசையின் உயிரொலி பெரும்பாலும் தேய்ந்து மங்கும். ஆங்கிலேயர் நாவில் திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பலி' ஆனபோது, நடுவே நின்ற 'னா' ஓங்கிற்று. 'பள்ளி'யின் இரட்டித்த ளகரம் ஒற்றை லகரமாய் மெலிந்தது. நம் மக்களோ அதே பெயரைச் சுருக்கியபோது, சொல்லின் தலைப்பகுதியைக் காத்துத் 'திருச்சி' என்றனர்.

ஆயினும், ஆங்கிலத்தின் அழுத்தமும் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. பழைய ஆங்கிலத்தில் வேரசையே, பெரும்பாலும் முதலசையே, அழுத்தம் பெற்றது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அடுத்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. அவை சொல்லின் இறுதிப் பகுதியில் ஊன்றும் இயல்பின. முன்னர் வந்த 'சிட்டி', 'நேச்சர்' முதலியன ஆங்கில வழக்கிற்கு அடங்கி, முதலசையில் அழுத்தம் பெற்றன. பின்னர் வந்த 'மெஷின்', 'ஹோட்டல்' ஆகியன தம் பழைய ஊன்றலை விடவில்லை. இலத்தீன், கிரேக்கச் சொற்களும் குவிந்தபின், சொல்லின் ஈற்றை நோக்கி அழுத்தம் அமையும் முறையும் நிலைபெற்றது. 'போட்டோகிராப்' என்பதில் முதலசையும், 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாம் அசையும், 'போட்டோகிராபிக்' என்பதில் மூன்றாம் அசையும் ஊன்றப்படுவதைக் காணலாம். சில சொற்களை இரவல் வாங்கும் மொழி, அவற்றைத் தன் வழிக்குத் திருப்பிக்கொள்ளும். பல்லாயிரம் வாங்கினால் அதன் வழியே மாறிவிடும்.

தமிழ் யாது செய்தது? வடசொல் தமிழெழுத்திற்கு இயைந்து வரவேண்டுமென்று தொல்காப்பியம் விதித்தது. 'ராமன்' என்பது 'இராமன்' ஆகி, ஒரு மாத்திரை கூடிற்று. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஈற்றசையில் ஊன்றப்பட்ட 'ஹோட்டல்', நம் தெருக்களில் நெடில் முன்னிற்க 'ஓட்டல்' ஆயிற்று. சொல் அயலது, நடை நம்முடையது.

இன்று ஆங்கிலச் சொற்கள் நாள்தோறும் நம் பேச்சில் வந்து சேர்கின்றன. அவற்றின் வரவினும் நாம் கருதவேண்டியது மாத்திரையின் காவலே. மாணவர்களே, ஆங்கிலம் பேசுங்கால் ஊன்றுமிடம் அறிந்து பேசுங்கள். இல்லையேல் கேட்போர்க்குப் பொருள் விளங்காது. தமிழ் பேசுங்கால் குறிலையும் நெடிலையும் அவற்றின் அளவு குன்றாமல் ஒலியுங்கள். இரு மொழிகளையும் அவ்வவற்றின் கோலால் அளப்பவரே இரண்டையும் கற்றவராவர்.