ஜேம்ஸ் காக்ஸ்

ஜேம்ஸ் காக்ஸ் (சுமார் 1723 – 1800) 18 ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த நகை வணிகரும் இசைக் கடிகாரத் தயாரிப்பாளரும் ஆவார். குறித்த நேரத்தில் பண் இசைத்து, பறவை விலங்கு உருவங்களை அசையச் செய்யும் இவரது கடிகாரங்களும் பொறிகளும் பெரும்பாலும் சீனாவில் விற்பதற்காகவே செய்யப்பட்டன. உருசியாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள மயில் கடிகாரமும், இங்கிலாந்தின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள வெள்ளி அன்னமும் இவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவற்றுள் புகழ் பெற்றவை.

எனினும், "தயாரிப்பாளர்" என்ற சொல்லை இவர் விடயத்தில் சற்றுக் கவனத்துடன் கொள்ள வேண்டும். காக்ஸ் முதலீட்டைத் திரட்டினார், வடிவங்களைத் தேர்ந்தார், சந்தையைக் கண்டறிந்தார். பற்சக்கரங்களை வெட்டியவர்களும், மணிகளைச் சுருதி சேர்த்தவர்களும், பொன்முலாம் பூசியவர்களும் அவரிடமும் அவருக்காகப் பிற பட்டறைகளிலும் உழைத்த நூற்றுக்கணக்கான கைவினைஞர்கள். முகப்பில் காணப்படுவது காக்ஸின் பெயர் மட்டுமே. அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் பெயர்கள் எஞ்சவில்லை.

தொழில் வாழ்க்கை

காக்ஸ் இலண்டனில் பொற்கொல்லராகவும் நகை வணிகராகவும் தொழில் தொடங்கினார். 1758 ஆம் ஆண்டில் முதன்முறையாக நொடித்துப் போனார். அதிலிருந்து மீண்டு, 1760களில் கீழை நாடுகளுக்கான ஆடம்பரப் பொருள்களில் இறங்கினார். 1769 இல் செல்சீ பீங்கான் தொழிற்சாலையை வாங்கி, சில மாதங்களிலேயே டெர்பியைச் சேர்ந்த வில்லியம் டூஸ்பரிக்கு விற்றுவிட்டார். ஒன்றில் நிலைத்து நிற்காத இந்த வேகம் அவர் வாழ்க்கை முழுவதும் காணப்படுகின்றது.

சீனாவில் வெளிநாட்டவர் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறைமுகம் கன்டன் (இன்றைய குவாங்சௌ). அங்கே இத்தகைய பொறிப் பொருள்கள் "சிங்-சாங்" என்ற வணிக வழக்குப் பெயரால் அறியப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் அதிகாரிகள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட சரக்கிடத்தில் இவற்றைக் கொண்டு சென்றனர். வெளிநாட்டு வணிகத்தை நடத்திய ஹாங் வணிகர்கள் இவற்றை மிகுந்த விலைக்கு வாங்கிச் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வழியாக இவை பீக்கிங்கில் சியான்லோங் பேரரசரின் அரண்மனையை அடைந்தன. ஆகவே, பாடும் கடிகாரம் என்பது ஒரு வகையில் கையூட்டும் காணிக்கையும் சேர்ந்த பொருள்.

இசைக்கும் முறை

இக்கடிகாரங்களில் நேரம் காட்டும் பகுதியும் இசைக்கும் பகுதியும் தனித்தனி விசையால் இயங்கும். இசைப் பகுதியின் நடுவே ஓர் உலோக உருளை உண்டு. அதன் மேற்பரப்பில் சிறு முளைகள் பதிக்கப்பட்டிருக்கும். சுருள்வில்லின் விசையால் உருளை சுழலும்போது ஒவ்வொரு முளையும் ஒரு நெம்புகோலைத் தூக்கிவிடும்; நெம்புகோலோடு இணைந்த சிறு சுத்தியல் அதற்குரிய மணியில் விழும். உருளையின் நீளவாக்கில் முளை இருக்கும் இடம் எந்த மணி என்பதையும், சுற்றுவாக்கில் இருக்கும் இடம் எப்பொழுது என்பதையும் தீர்மானிக்கின்றது. வேகம் கூடிவிடாமல் காற்றைத் துழாவும் சிறு விசிறி ஒன்று தடுக்கும். உருளையைப் பக்கவாட்டில் ஒரு நூலளவு நகர்த்தினால் முதற்பாட்டின் முளைகள் விலகி, அவற்றின் இடையே பதிக்கப்பட்ட வேறொரு பாட்டின் முளைகள் நெம்புகோல்களுக்கு நேராக வரும். இவ்வாறு ஒரே உருளையில் பல பாட்டுகளை அமைக்கலாம்.

முளை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளால் ஒரு பாட்டு முழுவதும் எழுதப்படுவதைக் கணினி நிரல் எழுதுவோர் எளிதில் இனங்கண்டுகொள்வர். பிழை திருத்துவதுதான் கடினம்: ஒரு முளை தவறினால் அதைப் பிடுங்கி வேறிடத்தில் பதிக்க வேண்டும்.

ஜான் ஜோசப் மெர்லின்

காக்ஸிடம் பணியாற்றியவர்களுள் பெயர் எஞ்சிய சிலருள் முதன்மையானவர் ஜான் ஜோசப் மெர்லின் (1735–1803). இன்றைய பெல்ஜியத்தின் ஊயி நகரில் பிறந்த இவர், 1760 இல் இலண்டன் வந்தார். வெள்ளி அன்னத்தின் பொறியமைப்பு இவருடையது எனக் கருதப்படுகின்றது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய மற்றொரு கடிகாரம் காற்றழுத்த மாறுபாட்டால் தானே சாவி ஏற்றிக்கொண்டது. அதில் சுமார் 68 கிலோகிராம் பாதரசம் பயன்பட்டது. காக்ஸ் அதனை "நிலையியக்கம்" என விளம்பரம் செய்தார், அது சரியன்று. வெளியிலுள்ள வளிமண்டலத்திலிருந்தே அது ஆற்றலைப் பெற்றது. பாதரசம் நீக்கப்பட்ட நிலையில் அது இப்பொழுது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மெர்லின் 1773 இல் காக்ஸை விட்டு விலகிப் பின்னர் சொந்தமாக ஒரு பொறிக் காட்சியகம் நடத்தினார். அங்கே சிறுவனாகத் தாயுடன் சென்றவர்களுள் சார்லஸ் பாபேஜும் ஒருவர். அப்பொழுது கண்டு வியந்த வெள்ளி நடனமாதுப் பொம்மையை அவர் 1834 இல் ஏலத்தில் வாங்கிப் பழுது நீக்கித் தம் வீட்டில் வைத்திருந்தார்.

ஸ்பிரிங் கார்டன்ஸ் காட்சியகம்

1770களின் தொடக்கத்தில் கன்டன் சந்தை தேங்கியது. அனுப்பப்பட்ட பொருள்கள் விற்காமல் கிடந்தன. செய்து முடித்தவை இலண்டனிலேயே தங்கின. 1772 இல் காக்ஸ் அவற்றை இலண்டன் ஸ்பிரிங் கார்டன்ஸில் காட்சிக்கு வைத்தார். நுழைவுக் கட்டணம் அரைக் கினி, அதாவது பத்தரை சில்லிங். உடலுழைப்புத் தொழிலாளி ஒருவரின் பல நாள் கூலி அது. ஆயினும் நகரின் மேல்தட்டினர் திரண்டு வந்தனர். ரிச்சர்ட் செரிடனின் "தி ரைவல்ஸ்" நாடகத்திலும் (1775), பிரான்சஸ் பர்னியின் "எவலினா" புதினத்திலும் (1778) இக்காட்சியகம் குறிப்பிடப்படுகின்றது.

கட்டணம் கடனை அடைக்கவில்லை. 1773 இல் நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம் மூலம் அனுமதி பெற்று, காட்சிப் பொருள்களைப் பரிசுகளாகக் கொண்ட குலுக்கல் சீட்டு நடத்தினார். குலுக்கல் 1775 இல் நடைபெற்றது. 1778 இல் காக்ஸ் மீண்டும் நொடித்துப் போனார்.

சென்னைத் தொடர்பு

இவ்வணிகத்தின் சுமை இறுதியில் ஹாங் வணிகர்கள் மீதே விழுந்தது. காணிக்கைப் பொருள்கள் வாங்குவது அவர்களின் செலவுகளுள் ஒன்று. பணத்தட்டுப்பாட்டில் அவர்கள் சென்னைப் பட்டினத்து ஆங்கிலேயர் உள்ளிட்டோரிடம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தனர். வட்டி வளர்ந்து அசலை விஞ்சியது. 1779 இல் சென்னைக் கடன்காரர்களின் வேண்டுகோளின் பேரில் கடற்படைத் தளபதி எட்வர்டு வெர்னான், கேப்டன் பான்டனை "சீ ஹார்ஸ்" என்ற போர்க்கப்பலுடன் கன்டனுக்கு அனுப்பிக் கடனைக் கேட்க வைத்தார். விளைவாக, கடன்பட்ட ஹாங் வணிகர் இருவர் சொத்துப் பறிக்கப்பட்டு, தொலைவிலுள்ள இலி எல்லைப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டனர். இக்கடனில் கடிகாரங்களின் பங்கு ஒரு பகுதியே. ஆயினும் காக்ஸின் இழப்பைப் பேசும் நூல்கள் இவ்விருவரையும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

காக்ஸின் மகன் ஜான் ஹென்றி காக்ஸ் 1780களின் தொடக்கத்தில், எஞ்சிய சரக்கை விற்கக் கன்டன் சென்றார். பின்னர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான வணிகத்தில் ஈடுபட்டார். அவர் பங்கு கொண்ட வணிக நிறுவனமே பல கைமாறி, 1832 இல் ஜார்டின் மேத்திசன் கம்பெனி ஆயிற்று.

1793 இல் பிரித்தானியத் தூதராகச் சீனா சென்றவர் மெக்கார்ட்னி பிரபு. 1783 இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபொழுது சென்னை ஆளுநராக இருந்தவரும் இவரே. அறிவியல் கருவிகளைப் பரிசாகக் கொண்டு சென்ற அவர், பேரரசரின் கோடைக்கால மாளிகைகளில் ஐரோப்பியப் பாடும் கடிகாரங்களும் பொறிகளும் ஏற்கெனவே நிறைந்திருப்பதைக் கண்டார். தாம் கொண்டுவந்தவை அவற்றின் முன் எடுபடா என்று அவர் குறித்து வைத்தார்.

எஞ்சிய படைப்புகள்

மயில் கடிகாரம் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காகப் பொத்தெம்கின் வரவழைத்தது. இது 1781 இல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தது. இவான் குலிபின் என்ற உருசியப் பொறியாளர் 1790களில் இதனைப் பொருத்தி இயக்கினார். முதலில் ஆந்தையின் கூண்டிலுள்ள மணிகள் ஒலிக்கும். அடுத்து மயில் தோகை விரித்துத் திரும்பும். இறுதியில் சேவல் கூவும். நேரம் காட்டும் எண்கள் ஒரு காளானின் தலையில் சிறு திறப்பில் தெரிகின்றன. அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே நேரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளி அன்னம் கடிகாரம் அன்று, இசைப் பொறி. முறுக்கிய கண்ணாடித் தண்டுகள் நீர்போல் சுழல, அன்னம் கழுத்தை வளைத்து மீனைக் கவ்வுவது போன்ற காட்சி அரை நிமிடத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். மார்க் டுவெய்ன் 1867 இல் பாரிஸ் கண்காட்சியில் இதனைக் கண்டு எழுதியுள்ளார். ஜான் போவ்ஸ் 1872 இல் இதனை 200 பவுனுக்கு வாங்கினார். 2020 இல் நின்ற அதன் இயக்கம், பழுதுபார்ப்புக்குப் பின் 2024 இல் மீண்டும் தொடங்கியது.

பீக்கிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் காக்ஸ் கடிகாரங்கள் பாதுகாக்கப்படுகின்றன.